தினமும் ஓட்டும் ஸ்போர்ட்ஸ் காருக்கு காயில்ஓவர்: எதைப் பார்த்து வாங்குவது?

காயில்ஓவர் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த, உயரத்தைத் திருகி மாற்றக்கூடிய செட்) வாங்கக் கிளம்புகிறவர்கள் கடையில் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "கார் எவ்வளவு இறங்கும்?" என்பதுதான். வேலைக்கும் கடைக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கும் ஓடுகிற காருக்கு அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் கேட்க வேண்டியது வேறு: இறக்கிய பிறகு, பள்ளத்தில் விழும்போது சக்கரம் மேலே ஏற எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் இருக்கும்? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டால் ஸ்பிரிங், ஷாக், உயரம், விலை எல்லாவற்றிலும் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

பேச்சு காற்றில் போகாமல் இருக்க ஒரு காரை எடுத்துக்கொள்வோம். 2012-இல் வந்த முதல் தலைமுறை டொயோட்டா 86, அதன் இரட்டையான சுபாரு பிஆர்இசட். இந்தியாவில் டொயோட்டா இதை விற்கவில்லை; ஆனால் மலேசியா, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, கனடாவில் உள்ள நம்மவர்கள் செகண்ட் ஹேண்டில் வாங்கி ஆசையாக ஓட்டும் கார். எடை சுமார் 1,250 கிலோ. முன்னால் மெக்பர்சன் ஸ்ட்ரட் (ஷாக்கே சக்கரத்தை மேலிருந்து பிடிக்கும் அமைப்பு), பின்னால் டபுள் விஷ்போன் (மேலும் கீழும் இரண்டு கைகள் சக்கரத்தைப் பிடிக்கும் அமைப்பு). நான்கு மூலையிலும் ஸ்பிரிங் ஷாக்கின் மேலேயே உட்கார்ந்திருக்கும். உங்களுடையது வேறு கார் என்றாலும் கணக்கு இதேதான், எண்கள்தான் மாறும்.

வாங்கும் முன் காரின் கீழே போய்ப் பாருங்கள்

கார் "தளதள" என்று ஆடுகிறது, திருப்பத்தில் நம்பிக்கை வரவில்லை என்பதால் காயில்ஓவர் தேடுகிறீர்களா? பத்து வருடம் ஓடிய காரில் ஷாக் ஓய்ந்திருக்கும், சஸ்பென்ஷன் மூட்டுகளில் உள்ள ரப்பர் புஷ்கள் வெடித்திருக்கும். வெடித்த புஷ்ஷின் மேல் எவ்வளவு நல்ல ஷாக்கை மாட்டினாலும் பின்பக்கம் தன் இஷ்டத்துக்குத்தான் நெளியும். டயரும் அப்படியே. 86-இன் 17 அங்குல ரிம்மோடு கம்பெனி கொடுத்தது 215 மிமீ அகலமுள்ள சாதாரண சாலை டயர். நல்ல டயர் மாற்றி, அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணம்) பார்த்தாலே பலருக்கு ஆசையில் பாதி அடங்கிவிடும்.

உயரம் மாற்றும் தேவையே இல்லாதவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. பில்ஸ்டீன் பி6 ஷாக்கை காரோடு வந்த கம்பெனி ஸ்பிரிங்கோடு போடலாம். கொஞ்சம் இறக்கும் ஸ்பிரிங் போடுவதாக இருந்தால் அதற்கென்றே நீளம் குறைத்துச் செய்த பி8 இருக்கிறது. விறைப்பை மாற்றும் திருகு இல்லை, அதைத் திருப்பி எண்ணும் கிளிக் இல்லை, மாட்டிவிட்டு மறந்துவிடலாம். தினசரி காருக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இதுவே போதும் என்பது என் எண்ணம். கடைக்காரர் இதை முதலில் சொல்ல மாட்டார்.

இல்லை, உயரத்தையும் விறைப்பையும் என் கையாலேயே மாற்ற வேண்டும், வருடத்துக்கு ஓரிரு முறை ரேஸ் டிராக்குக்கும் போவேன் என்கிறீர்களா? சரி, மேலே படியுங்கள்.

ஸ்பிரிங்கை எண்ணால் பாருங்கள்

விளம்பரங்களில் "ஸ்ட்ரீட்", "ஸ்போர்ட்", "ரேஸ்" என்று எழுதியிருப்பதை நம்பிப் பயனில்லை. ஒரு கம்பெனியின் ஸ்ட்ரீட் இன்னொரு கம்பெனியின் ரேஸை விட விறைப்பாக இருக்கும். பார்க்க வேண்டியது ஸ்பிரிங் ரேட், அதாவது ஸ்பிரிங்கை ஒரு மில்லிமீட்டர் அமுக்க எவ்வளவு எடை வேண்டும் என்பது. ஜப்பான், தைவான் கம்பெனிகள் இதை மில்லிமீட்டருக்கு எத்தனை கிலோ என்று போடும். ஐரோப்பிய கம்பெனிகள் நியூட்டனில் போடும், அமெரிக்கர்கள் அங்குலத்துக்கு எத்தனை பவுண்டு என்பார்கள். 1 கிலோ என்றால் ஏறத்தாழ 9.8 நியூட்டன், அல்லது 56 பவுண்டு. 86-இல் கம்பெனி ஸ்பிரிங் முன்னால் 2 முதல் 3 கிலோவுக்குள், பின்னால் 3 முதல் 4 கிலோவுக்குள் இருக்கும். ஒரே காராக வெளிவந்தும் சுபாருவில் முன் ஸ்பிரிங் கொஞ்சம் விறைப்பு, பின்னது கொஞ்சம் மென்மை. டொயோட்டா பின்பக்கத்தை விளையாட்டுத்தனமாக விட்டது அப்படித்தான்.

ஸ்பிரிங் எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். ஸ்பிரிங் சக்கரத்துக்கு நேர் மேலே இல்லை, உள்ளே தள்ளி இருக்கிறது. சக்கரம் 10 மிமீ ஏறினால் ஸ்பிரிங் எவ்வளவு அமுங்குகிறது என்பதுதான் மோஷன் ரேஷியோ. இந்தக் காரின் முன் ஸ்ட்ரட்டில் கிட்டத்தட்ட 9.5 மிமீ, பின்னால் சுமார் 7.5 மிமீ. சக்கரத்தில் உணரும் விறைப்பைக் கணக்கிட அந்த விகிதத்தை இரண்டு முறை பெருக்க வேண்டும். முன்னால் 0.9, பின்னால் 0.56 என்று வரும். அதாவது பின்னால் 6 கிலோ ஸ்பிரிங் போட்டாலும் சக்கரத்துக்குத் தெரிவது 3.4 கிலோதான். பின் ஸ்பிரிங்கின் எண் பெரிதாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. கால்குலேட்டர் போதும். ஒரு மூலையில் ஸ்பிரிங் தாங்கும் எடையை (சக்கரம், பிரேக் எடையைக் கழித்துவிட்டு) சக்கரத்தில் உள்ள விறைப்பால் வகுத்தால், அந்த எடைக்கு சக்கரத்தின் இடத்தில் எவ்வளவு அமுங்கும் என்று மில்லிமீட்டரில் கிடைக்கும். அதன் வர்க்கமூலத்தால் 15.8-ஐ வகுங்கள். வருவது, அந்த மூலை ஒரு வினாடிக்கு எத்தனை முறை மேலும் கீழும் ஆட விரும்புகிறது என்ற எண்.

ஓட்டுநரோடு சேர்த்து 86-இன் முன் மூலை சுமார் 315 கிலோ தாங்கும் என்று வைப்போம். கம்பெனி ஸ்பிரிங் 2.5 கிலோ என்றால் 1.3 வருகிறது. 4 கிலோவுக்கு 1.7. 5 கிலோவுக்கு 1.9. 8 கிலோவுக்கு 2.4. சாதாரண குடும்பக் கார்கள் 1 முதல் 1.5-க்குள் இருக்கும், 1.5 முதல் 2 வரை ஸ்போர்ட்ஸ் கார்களின் இடம். 2-ஐத் தாண்டினால் டிராக் காரின் பக்கம் போய்விட்டோம். கவனியுங்கள், ஸ்பிரிங்கை இரட்டிப்பாக்கினால் இந்த எண் இரட்டிப்பாவதில்லை, 1.4 மடங்குதான் ஏறுகிறது. அதனால் 4 முதல் 5 கிலோ என்பது கேட்கப் பயமாக இருந்தாலும் உட்கார்ந்து பார்த்தால் அவ்வளவு மோசம் இல்லை. 8 கிலோதான் உங்கள் இடுப்புக்கு வேலை வைக்கும்.

பின்பக்கத்துக்கும் இதே கணக்கைப் போடுங்கள் (சுமார் 265 கிலோ). 6 கிலோவுக்கு 1.8, 7 கிலோவுக்கு 1.9 வரும். பின்பக்க எண் முன்பக்கத்தை விடக் கொஞ்சம் அதிகமாக இருப்பது நல்லது. மேட்டில் முதலில் முன் சக்கரம் ஏறுகிறது, பின் சக்கரம் ஒரு கணம் பிந்தி ஏறுகிறது. பின்பக்கம் சற்று வேகமாக ஆடினால் முன்பக்கத்தை எட்டிப் பிடித்து, கார் தலையாட்டாமல் மட்டமாக அடங்கும். 1930-களில் ஜெனரல் மோட்டார்ஸில் மாரிஸ் ஆலி என்ற ஆங்கிலேயப் பொறியாளர் நிலைநிறுத்திய யோசனை இது. நீங்கள் பார்க்கும் செட் முன்னால் 4 பின்னால் 6, அல்லது முன்னால் 5 பின்னால் 7 என்று இருந்தால் தினசரி ஓட்டத்துக்கு யோசித்துச் செய்தது என்று எடுத்துக்கொள்ளலாம். நெடுஞ்சாலையில் மட்டும் ஓடுகிறவர்கள் இன்னும் ஒரு கிலோ ஏறலாம். கோலாலம்பூர் குடியிருப்புகளின் வேகத்தடைகளையும், பனி உருகியதும் டொரான்டோ சாலைகளில் முளைக்கும் குழிகளையும் தினமும் தாண்டுகிறவர்கள் ஏறாமல் இருப்பதே நல்லது.

ஷாக்: கிளிக் எண்ணிக்கையை விட்டுவிடுங்கள்

பணம் போக வேண்டிய இடம் இதுதான். ஸ்பிரிங் சுருட்டுவது இன்று எவருக்கும் கைவந்த வேலை; நல்ல ஷாக்கின் உள்ளே இருக்கும் வால்வுதான் கடினம். 30 கிளிக், 32 கிளிக் என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பதில் பொருளில்லை. பக்கத்துப் பக்கத்துக் கிளிக்குகளுக்கு இடையே எந்த வித்தியாசமும் தெரியாத செட்கள் நிறைய உண்டு. பில்ஸ்டீன் பி16-இல் இருப்பது 10 நிலைகள்தான். அதற்காக யாரும் அதை மட்டமாகச் சொன்னதில்லை.

திருகு எதை மாற்றுகிறது என்று கேளுங்கள். ஷாக் இரண்டு வேலை செய்கிறது. சக்கரம் மேலே ஏறும்போது தடுப்பது கம்ப்ரெஷன். அமுங்கிய ஸ்பிரிங் மீண்டும் விரியும்போது பிடித்து நிறுத்துவது ரீபவுண்ட். விலை குறைந்த செட்களில் ஒரே திருகு இரண்டையும் சேர்த்து மாற்றும். கேடபிள்யூ கம்பெனியில் வேரியன்ட் 1 என்றால் உயரம் மட்டும், வேரியன்ட் 2 என்றால் ரீபவுண்டும், வேரியன்ட் 3 என்றால் இரண்டும் தனித்தனியாக. புதிதாக வருகிறவருக்கு இரண்டு திருகு வேண்டுமா? என்னைக் கேட்டால் வேண்டாம். இரண்டையும் தப்பாக வைத்துக்கொண்டு காரைத் திட்டுகிறவர்கள்தான் அதிகம். ஒரு திருகு, அதன் பின்னால் நல்ல வால்வு, அது போதும். ஓலின்ஸ் ரோட் அண்ட் டிராக் அப்படிப்பட்டது. கூர்மையான குழியில் சக்கரம் திடீரென்று எகிறும்போது எண்ணெய்க்குக் கூடுதல் வழி திறந்துவிடும் வால்வு அதில் உண்டு. விறைப்பான கார் மோசமான சாலையில் மனிதத்தன்மையோடு நடந்துகொள்வது இதனால்தான்.

உள்ளமைப்பில் இரண்டு வகை. மோனோ டியூப்பில் ஒரே குழாய். உள்ளே அதிக அழுத்த வாயு. சூட்டைச் சீக்கிரம் வெளியே விடும், டிராக்கில் தளராது. ஆனால் குழாயில் கல் அடித்து நசுங்கினால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். ட்வின் டியூப்பில் குழாய்க்குள் குழாய். அழுத்தம் குறைவு, சின்னச் சின்ன அதிர்வுகளில் மென்மை, விலையும் குறைவு. டெயின் பிளெக்ஸ் இசட் இந்த வகை. அதை உடைத்துப் பழுது பார்க்க முடியாது, ஓய்ந்தால் அந்த ஒன்றை மட்டும் புதிதாக வாங்கி மாட்ட வேண்டும். விலையும் அதற்கேற்ப வைத்திருக்கிறார்கள். அதே கம்பெனியின் பிளெக்ஸ் ஏ-யில் உள்ளேயே ஹைட்ராலிக் பம்ப் ஸ்டாப் (ஷாக் கடைசி வரை அமுங்கும்போது தாங்கும் தடை) உண்டு. பள்ளத்தில் கடைசி வரை அமுங்கும்போது ரப்பரில் "டொப்" என்று இடிக்காமல் எண்ணெயே மெதுவாக நிறுத்தும். நகரத்தில் ஓட்டுகிறவருக்கு 30 கிளிக்கை விட இது பெரிய வரம்.

விலை என்று பார்த்தால், பிசி ரேசிங் போன்ற தைவான் செட்கள் ஆயிரம் அமெரிக்க டாலரைச் சுற்றி இருக்கும். கேடபிள்யூ வேரியன்ட் 3, ஓலின்ஸ் எல்லாம் அதன் இரண்டு மூன்று மடங்கு. வாங்கும் முன் ஒரு கேள்வி: உங்கள் ஊரில் அல்லது பக்கத்து நாட்டில் இதைத் திறந்து எண்ணெயும் சீலும் மாற்றித் தருகிறவர் இருக்கிறாரா? இல்லையென்றால் விலை உயர்ந்த ஷாக்கும் ஒருநாள் ஒழுகும் இரும்புக் குழாய்தான். பழைய செட் வாங்குவதை, விற்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், முதல் முறை தவிர்த்துவிடுங்கள். உள்ளே எவ்வளவு ஓய்ந்திருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

உயரம், கடைசியில்

கம்பெனி காரில் சக்கரம் மேலே ஏற 70 மிமீ இடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சாதாரண ஷாக்கில் 40 மிமீ இறக்கினால் மிச்சம் 30. ஸ்பிரிங் விறைப்பானதால் அமுங்குவது குறையும்தான், ஆனால் குழிக்கு அது தெரியாது. பம்ப் ஸ்டாப்பில் இடித்த கணத்தில் உங்கள் ஸ்பிரிங் ரேட் 5 கிலோ அல்ல, 50 கிலோ. "காயில்ஓவர் போட்டேன், கார் கல்லாகிவிட்டது" என்று புலம்புகிறவர்களில் பெரும்பாலோர் பம்ப் ஸ்டாப்பின் மேல் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள். திருகை எவ்வளவு தளர்த்தினாலும் அது மாறாது.

இரண்டாவது பிரச்சனை கண்ணுக்குத் தெரியாதது. முன்னால் ஸ்ட்ரட் உள்ள காரை அதிகம் இறக்கினால், சக்கரத்தைக் காரோடு இணைக்கும் கீழ் ஆர்ம் வெளிப்பக்கம் மேல்நோக்கிச் சாய்ந்துவிடும். அப்போது கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, காரின் எடை மையத்தை விட வேகமாகக் கீழே போகிறது. விளைவு, இறக்கிய கார் திருப்பத்தில் இன்னும் அதிகமாகச் சாய முயலும். அதைச் சரிக்கட்ட இன்னும் விறைப்பான ஸ்பிரிங், சாய்வைத் தடுக்கும் இன்னும் கனமான ஆன்டி-ரோல் பார் என்று செலவு நீளும். என் பரிந்துரை 15 முதல் 25 மிமீ. அதற்கு மேல் இறக்குவது போட்டோவுக்கு.

உயரம் மாற்றும் முறையிலும் இரண்டு உண்டு. சிலவற்றில் ஸ்பிரிங்கின் கீழ்த் தட்டைத் திருகி இறக்குவோம். இறக்க இறக்க ஷாக்கின் ஓட்டம் குறையும். சிலவற்றில் ஷாக்கின் அடிப்பகுதியே தனியாகத் திருகி நீளம் குறையும். ஸ்பிரிங்கும் ஓட்டமும் அப்படியே இருக்கும். இரண்டாவது நல்லது, ஆனால் டயர் அதன் மேலுள்ள பென்டர் தகட்டிலோ உள் பிளாஸ்டிக்கிலோ உரசாமல் பார்க்க வேண்டிய பொறுப்பு உங்களுடையது. இந்த வகையில் ஸ்பிரிங்கை இறுக்கினால் விறைப்பு கூடும் என்று பலர் நம்புகிறார்கள். விறைப்பு ஒரே சீராக உள்ள ஸ்பிரிங்கை எவ்வளவு இறுக்கினாலும் 5 கிலோ 5 கிலோதான். மாறுவது உயரமும், சக்கரம் கீழே தொங்கும் தூரமும்.

டாப் மவுண்டில் (ஷாக்கின் மேல்நுனி காரோடு சேரும் இடம்) பில்லோ பால் என்ற உலோக மூட்டு வைத்த செட்கள் ஸ்டியரிங்கைக் கூர்மையாக்கும், கேம்பரையும் (சக்கரம் உள்ளே அல்லது வெளியே சாயும் கோணம்) மாற்ற விடும். சில மாதத்தில் "கட கட" என்ற சத்தத்தையும் வீட்டுக்குக் கொண்டுவரும். தினசரி காருக்கு ரப்பர் மவுண்டே மேல்.

சட்டத்தையும் இப்போதே பார்த்துவிடுங்கள். ஜப்பானில் வாகனச் சோதனைக்குத் தரையிலிருந்து 9 செ.மீ. இடைவெளி வேண்டும், காரைத் தூக்கும்போது ஸ்பிரிங் லொட லொட என்று கழன்று ஆடக்கூடாது. ஜெர்மனியில் அந்தச் செட்டுக்கு உரிய சான்றிதழோடு டியூவ் போன்ற சோதனை நிலையத்தில் காட்டிப் பதிய வேண்டும்; சான்றிதழ் இல்லாத செட் மலிவாகக் கிடைத்தாலும் தலைவலி. ஆஸ்திரேலியாவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. எந்த நாடாக இருந்தாலும் இன்சூரன்ஸ்காரரிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

மாட்டும் நாள்

வேலையைத் தொடங்கும் முன் நான்கு பக்கமும் சக்கரத்தின் நடுவிலிருந்து பென்டர் விளிம்பு வரை அளந்து எழுதி வையுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்று, தேய்மானம் எல்லாம் கணக்கைக் கெடுக்கும்.

மெக்கானிக்கிடம் விட்டாலும் ஒன்றை மட்டும் பக்கத்தில் நின்று கவனியுங்கள். ஆர்ம்களின் புஷ் போல்ட்டுகளைக் கார் ஜாக்கில் தொங்கும்போது இறுக்கக்கூடாது. சக்கரம் எடை தாங்கி, கார் தன் உயரத்தில் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கு. தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே வாழ்ந்து சீக்கிரம் கிழியும், உயரமும் தப்பாகக் காட்டும். இறுக்கும் அளவை ஒர்க்‌ஷாப் மேனுவலைப் பார்த்து டார்க் ரெஞ்சில் வைக்கச் சொல்லுங்கள். ஸ்பிரிங் அமுக்கிய நிலையில் உள்ள பழைய ஸ்ட்ரட்டின் மேல் நட்டை மட்டும் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி இல்லாமல் கழற்றாதீர்கள்; உயிர் போகும் வேலை.

சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஸ்பிரிங் சில மில்லிமீட்டர் படியும். அதன் பிறகு உயரத்தைச் சரிபார்த்து, உயரம் நகராமல் பிடிக்கும் லாக் ரிங்குகளை இறுக்கி, அப்புறம் அலைன்மென்ட். 86-இல் முன் கேம்பர் மாற்ற கம்பெனி வழி எதுவும் வைக்கவில்லை. ஷாக்கை நக்கிளோடு (சக்கரத்தைத் தாங்கும் உலோகப் பகுதி) பிணைக்கும் போல்ட்டுக்குப் பதில் அதற்கென்று விற்கும் கேம்பர் போல்ட் போட்டால் கொஞ்சம் கிடைக்கும். பின்னால் இறக்கியதுமே கேம்பர் தானாகக் கூடும். முன்னால் மைனஸ் 1.5 டிகிரி, பின்னால் மைனஸ் 1.5 முதல் 2, முன் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) பூஜ்யம், பின் டோ சற்றே உள்நோக்கி. இதற்கு மேல் கேம்பர் வைத்து நெடுஞ்சாலையில் மட்டும் ஓட்டினால் டயரின் உள் ஓரம் கம்பி தெரியத் தேய்ந்துவிடும், வெளியிலிருந்து பார்த்தால் புத்தம் புதிதாக இருக்கும். தானாக மட்டம் பார்க்கும் ஹெட்லைட் இருந்தால் அதன் சென்சாரையும் சரிசெய்யச் சொல்லுங்கள்.

திருகும் முறை

முழு விறைப்பு வரை மெதுவாகத் திருகி, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். செட் செய்த கம்பெனி சொன்ன தொடக்க நிலையில், நான்கையும் எழுதி வைத்து, உங்களுக்கு நன்கு தெரிந்த ஒரே சாலையில் ஒரே வேகத்தில் ஓட்டுங்கள். மேட்டைத் தாண்டிய பின் கார் ஒருமுறைக்கு மேல் ஆடினால் இரண்டு கிளிக் இறுக்குங்கள். அடுத்தடுத்து மேடு வரும் சாலையில் கார் எழும்ப நேரமில்லாமல் கீழேயே அமுங்கிக்கொண்டு போனால் ரீபவுண்ட் அதிகம், தளர்த்துங்கள். ஒரே ஒரு குழியில் "சுரீர்" என்று முதுகுத்தண்டில் ஏறினால் கம்ப்ரெஷன் அதிகம், அல்லது டயர் காற்று அதிகம். காற்றை முதலில் பாருங்கள், அது இலவசம். முன், பின் இரண்டையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள்.

ஷாக்கின் தண்டு வெளியே தெரியும் வகை என்றால் அதில் ஒரு சின்ன கேபிள் டையைத் தளர்வாகக் கட்டி, கீழே குழாயோடு ஒட்டி இறக்கிவிடுங்கள். ஒரு வாரம் வழக்கமாக ஓட்டிவிட்டுப் பார்த்தால் ஷாக் எவ்வளவு தூரம் அமுங்கியது என்று அது நின்ற இடமே சொல்லும். பம்ப் ஸ்டாப்பில் போய் நசுங்கியிருந்தால் 5 மிமீ உயர்த்திவிட்டு மறுபடி பாருங்கள். பில்ஸ்டீனின் தலைகீழ் ஸ்ட்ரட்டில் தண்டு உள்ளே மறைந்திருப்பதால் இந்த வித்தை நடக்காது. அங்கே காதுதான் கருவி.

வருடத்துக்கு இருமுறை சக்கரத்தைக் கழற்றித் திருகுப் பகுதியைப் பிரஷ் போட்டுக் கழுவுங்கள். குளிர்காலத்தில் சாலையில் உப்பு கொட்டும் நாடுகளில் கழுவாமல் விட்ட லாக் ரிங் இரண்டாவது வருடமே வெல்டிங் வைத்ததுபோல் ஒட்டிக்கொள்ளும். கேடபிள்யூ துருப்பிடிக்காத எஃகில் குழாய் செய்வது இதற்காகத்தான். மலிவு செட் என்றால் பனிக்கு முன் கிரீஸ் தடவித் துணி உறை போட்டுவிடுங்கள்.

கழற்றிய கம்பெனி சஸ்பென்ஷனை விற்றுவிடாதீர்கள். நான்கையும் எது எந்த மூலை என்று டேப் ஒட்டி எழுதி, நட்டு போல்ட்டோடு ஒரு பெட்டியில் வையுங்கள். ஷாக் ஒழுகிப் பழுதுக்கு அனுப்பும் வாரங்களில் காரை ஓட்ட அது வேண்டும். காரை விற்கும் நாளில் வாங்குகிறவர் கேட்கும் முதல் பொருளும் அதுதான்.